மௌனமும் ஒரு பதில்தான்

"அனைவரும் வருக" என்று ஏதாவது ஒரு விதத்தில் வாசலில் எழுதி வைக்காத தேவாலயம் அபூர்வம். கிறிஸ்துமஸ் சமயத்தில் துணிப் பேனரில் இருக்கும், மற்ற நாட்களில் அறிவிப்புப் பலகையில் இருக்கும். நல்ல வாசகம்தான். ஆனால் அந்த 'அனைவரும்' என்ற சொல்லுக்குள் யார் யார் அடக்கம்?

ஏழையும் பணக்காரரும் அடக்கம். புதிதாக ஊருக்கு வந்தவர் அடக்கம். வேறு சபையிலிருந்து கோபித்துக்கொண்டு வந்தவர்கூட அடக்கம். சரி, தனக்குப் பெண்கள் மீது ஈர்ப்பு வரவில்லை, ஆண்கள் மீதுதான் வருகிறது என்று 16 வயதில் தெரிந்துகொண்டு, அதை யாரிடமும் சொல்ல முடியாமல் பாடகர் குழுவின் கடைசி வரிசையில் நின்று பாடிக்கொண்டிருக்கும் பையன்? பெண் என்று எல்லோரும் சொல்ல, உள்ளுக்குள் தன்னை ஆணாகவே உணரும் பிள்ளை?

பெரும்பாலான சபைகளில் இந்தக் கேள்வியைக் கேட்டால் 'ஆம்' என்றும் பதில் வராது, 'இல்லை' என்றும் பதில் வராது. மௌனம்தான் வரும்.

அந்த மௌனத்துக்குப் பின்னால் பல நேரங்களில் நல்ல எண்ணம்தான் இருக்கிறது. பேச்சை எடுத்தால் சண்டை வரும், சண்டை வந்தால் சபை உடையும், எதற்கு வம்பு என்ற எண்ணம். "நாங்கள் யாரையும் திட்டுவதில்லையே, யாரையும் வெளியே போகச் சொல்வதில்லையே" என்று பல ஆயர்கள் உண்மையாகவே சொல்ல முடியும். ஆனால் பேசாமல் இருப்பது நடுநிலை ஆகிவிடுமா? இந்தக் கேள்விக்கான பதிலை இங்கிலாந்தில் ஒரு சபை மிகப் பெரிய விலை கொடுத்துத்தான் தெரிந்துகொண்டது.

மான்செஸ்டரில் ஒரு சபை

மான்செஸ்டர் நகரின் தென்பகுதியில் டிட்ஸ்பரி என்று ஒரு பகுதி. அங்கே செயின்ட் ஜேம்ஸ் அண்ட் இம்மானுவேல் என்பது இங்கிலாந்து திருச்சபையைச் சேர்ந்த ஒரு சேகரம். அந்தச் சபையில் வளர்ந்த 14 வயதுச் சிறுமி ஒருத்தி 2014 செப்டம்பரில் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். தனக்குப் பெண்கள் மீது ஈர்ப்பு இருப்பதை அவள் நண்பர்களிடம் சொல்லியிருந்தாள். பெற்றோரிடம் சொல்லப் பயம். இதுவும் தன் விசுவாசமும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்ற குழப்பம். இதெல்லாம் அவள் போன பிறகு நடந்த மரண விசாரணையில்தான் வெளியே வந்தது. அவள் சொல்லியிருந்தால் அவளுடைய பெற்றோர் அவளை அணைத்துக்கொண்டிருப்பார்கள். அவளுக்கு அது தெரியாது.

ஒரு தற்கொலைக்கு இதுதான் ஒரே காரணம் என்று யாரும் விரல் நீட்டிவிட முடியாது. ஆனால் அந்தச் சபையின் ஆயர் நிக் பண்டாக் அந்த வாதத்துக்குள் ஒளிந்துகொள்ளவில்லை. தங்கள் சபை இந்த விஷயத்தைப் பற்றிப் பேசாமலே இருந்துவிட்டது என்பதை அவர் வெளிப்படையாகவே சொன்னார். கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அந்தச் சபை வெறுப்பைப் போதித்த சபை அல்ல. பிரசங்கத்தில் யாரையும் சபித்ததும் இல்லை. கருத்து வேறுபாடு உள்ளவர்கள் சேர்ந்து உட்காரும் சாதாரணமான, அன்பான சபைதான். சபைக்குள் ஒற்றுமை குலைய வேண்டாம் என்று இந்த ஒரு பேச்சை மட்டும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பெரியவர்களுக்கு அது சமாதானம். ஒரு 14 வயதுப் பிள்ளைக்கு அது என்னவாகக் கேட்டிருக்கும்?

தன்பாலீர்ப்புள்ள ஒரு பிள்ளை வாயைத் திறப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, சில சமயம் பல வருடங்களுக்கு முன்பே, சபையை உற்றுக் கேட்க ஆரம்பித்துவிடுகிறது. ஞாயிறு பள்ளி ஆசிரியர் போகிற போக்கில் அடிக்கும் ஒரு ஜோக், வாலிபர் கூட்டத்தில் யாரோ ஒருவனை "பொம்பள மாதிரி" என்று கிண்டல் செய்யும்போது எழும் சிரிப்பு, அந்தச் சிரிப்பை நிறுத்தாத அண்ணன், எல்லாமே அதன் காதில் விழுகின்றன. இவை நடுவில் ஒரே ஒரு நல்ல வார்த்தையும் கேட்காவிட்டால், மிச்சம் இருக்கும் மௌனத்தையும் அது 'இல்லை' என்றுதான் எடுத்துக்கொள்ளும். சபை பிள்ளைகளைக் கேட்கிறதோ இல்லையோ, பிள்ளைகள் சபையைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

அதன் பிறகு அவர்கள் செய்தது

டிட்ஸ்பரி சபை துக்க ஆராதனையோடு நின்றுவிடவில்லை. சபை மன்றம் கூடி, தங்கள் வரவேற்பு யாருக்கெல்லாம் என்பதை எழுத்திலேயே தீர்மானமாக்கியது. 'அனைவரும்' என்று பொதுவாக எழுதி விட்டுவிடாமல், பாலீர்ப்பையும் பாலினத்தையும் பெயர் சொல்லியே எழுதினார்கள். இங்கிலாந்தில் இப்படி அறிவித்துக்கொண்ட சபைகளின் கூட்டமைப்பான 'இன்க்ளூசிவ் சர்ச்' அமைப்பில் சேர்ந்தார்கள். பின்னாளில் 'டிட்ஸ்பரி பிரைட்' என்ற கொண்டாட்டம் தேவாலய வளாகத்திலேயே நடந்தது. அந்தப் பிள்ளையின் பெற்றோரும் மற்றக் குடும்பங்களுக்கு இப்படி நேரக் கூடாது என்று பொதுவெளியில் பேசினார்கள்.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. சிலர் சபையை விட்டுப் போனார்கள். அதுவும் வருடக்கணக்கில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர்கள்! இத்தனை நாள் பயந்தது நடந்துதான் விட்டது. ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. சபை பேசினால் போகிறவர்கள் சத்தமாகப் போவார்கள், கமிட்டிக்குக் கடிதம் எழுதிவிட்டுப் போவார்கள். சபை பேசாமல் இருந்தால் போகிறவர்கள் சத்தமில்லாமல் போவார்கள். காலேஜில் சேர்ந்த பிறகு ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்ட பையனைப் பற்றி "ஹாஸ்டலுக்குப் போனதும் உலகப்பற்று வந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு எல்லோரும் மறந்துவிடுவார்கள். அந்த இழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

"கேட்போம்" என்று கொடுத்த வாக்கு

இதில் வேதனை என்னவென்றால், கேட்பதாக ஏற்கனவே வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. உலகமெங்கும் உள்ள அங்கிலிக்கன் பேராயர்கள் ஏறக்குறைய 10 வருடங்களுக்கு ஒருமுறை கூடுவது லாம்பெத் மாநாடு. 1998ல் நடந்த மாநாட்டில் 526 பேர் ஆதரவாகவும் 70 பேர் எதிராகவும் வாக்களிக்க, 45 பேர் வாக்களிக்காமல் இருக்க, ஒரு தீர்மானம் நிறைவேறியது. தன்பாலுறவு வேதத்துக்கு ஒத்துவராதது என்று அந்தத் தீர்மானம் சொன்னது. இந்தப் பகுதி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதே தீர்மானத்தில் இன்னொரு பகுதியும் உண்டு. தன்பாலீர்ப்புள்ளவர்களின் அனுபவத்தைக் கேட்போம் என்றும், அவர்கள் கடவுளால் நேசிக்கப்படுபவர்கள், திருச்சபையின் முழு அங்கத்தினர்கள் என்றும் அந்தப் பேராயர்களே எழுதிக் கையைத் தூக்கினார்கள். இது மட்டும் பலருக்கு மறந்துவிட்டது!

அந்த வாக்கை நிறைவேற்ற இங்கிலாந்து திருச்சபை முயற்சியே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2013ல் பில்லிங் அறிக்கை வந்தது. அதைத் தொடர்ந்து மாறுபட்ட கருத்துள்ளவர்களை ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசச் செய்தார்கள். அதெல்லாம் முடிந்து பேராயர்கள் ஓர் அறிக்கை கொண்டுவந்தபோது, 2017 பிப்ரவரியில் பொதுப் பேரவையின் குருமார் அவை அதை 93க்கு 100 என்ற கணக்கில் ஏற்க மறுத்துவிட்டது. இவ்வளவு பேசியும் கேட்டதற்கான அடையாளமே அறிக்கையில் இல்லை என்று பலர் ஆதங்கப்பட்டார்கள். 2020 நவம்பரில் 'லிவிங் இன் லவ் அண்ட் ஃபெய்த்' என்ற பெரிய ஆய்வுத் தொகுப்பு வந்தது. 2023 ஜனவரியில் பேராயர்கள் தன்பாலீர்ப்பாளர்களிடமும் திருநர்களிடமும் மன்னிப்புக் கேட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 17 முதல், ஒரே பாலின இணையருக்காக வழக்கமான ஆராதனையின் நடுவே ஜெபிக்க அனுமதி வந்தது. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே என்ற திருச்சபையின் போதனை மாறவில்லை.

கூட்டிக் கழித்துப் பார்த்தால், வாக்குக் கொடுத்த 1998க்கும் மன்னிப்புக் கேட்ட 2023க்கும் நடுவில் 25 ஆண்டுகள். 14 வயதுப் பிள்ளைக்கு அது தன் வாழ்நாளைவிட அதிகம். பேரவைகளால் காத்திருக்க முடியும். பிள்ளைகளால் முடியாது. அதனால்தான் இந்த விஷயத்தில் பேரவை என்ன முடிவெடுக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்காமல், உள்ளூர்ச் சபை தன் பங்கை இன்றைக்கே செய்ய வேண்டியிருக்கிறது.

கேட்பது என்றால் என்ன?

எம்மாவு ஊருக்கு நடந்து போன இரண்டு சீஷர்களின் கதை ஞாயிறு பள்ளி போன எல்லோருக்கும் தெரியும். உயிர்த்தெழுந்த இயேசு அவர்களோடு சேர்ந்து நடக்கிறார். நடந்தது எல்லாம் அவருக்குத் தெரியும். இருந்தாலும் என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்கிறார். அவர்கள் தங்கள் துக்கத்தையும் ஏமாற்றத்தையும் முழுக்கக் கொட்டித் தீர்க்கும்வரை கூடவே நடக்கிறார். அதன் பிறகுதான் பேசுகிறார். சபைகள் பல நேரங்களில் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகின்றன. பிள்ளை முதல் வாக்கியத்தை முடிக்கும் முன்பே வசனம் வந்துவிடுகிறது!

வசனத்தைவிட வேகமாக வருவது ஜெபம். விக்கி பீச்சிங் என்ற ஆங்கிலேயப் பாடகி, பல நாட்டுச் சபைகளில் பாடப்பட்ட ஆராதனைப் பாடல்களை எழுதியவர். தன் தன்பாலீர்ப்பை 2014ல்தான் வெளியே சொன்னார். 16 வயது வாக்கில், கிறிஸ்தவ இளைஞர் முகாம் ஒன்றில் தன் ரகசியத்தைச் சொன்னபோது, சுற்றி நின்று அசுத்த ஆவியைத் துரத்துவதாகத் தனக்காக ஜெபித்தார்கள் என்று அவர் பின்னாளில் எழுதினார். ஜெபித்தவர்கள் நல்லது செய்வதாகவே நினைத்திருப்பார்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்த செய்தி, 'உனக்குள் இருப்பது பிசாசு' என்பதுதான். அதன் பிறகு யார் வாய் திறப்பார்கள்? இப்படி 'மாற்றும்' முயற்சிகளைத் தடை செய்ய வேண்டும் என்று 2017 ஜூலையில் இங்கிலாந்து திருச்சபையின் பொதுப் பேரவையே அரசைக் கேட்டுக்கொண்டது.

அப்படியானால் ஒரு பிள்ளை வந்து சொன்னால் என்ன செய்வது? பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை.

முதலாவது, நன்றி சொல்ல வேண்டும். "என்னை நம்பி இதைச் சொன்னாயே" என்ற ஒரு வாக்கியம் போதும். அந்தப் பிள்ளை அதைச் சொல்ல எத்தனை ராத்திரி ஒத்திகை பார்த்திருக்கும் என்பது கேட்பவருக்குத் தெரியாது.

இரண்டாவது, சொன்னது அங்கேயே இருக்க வேண்டும். 'ஜெபக் குறிப்பு' என்ற பெயரில் அது நாலு பேருக்குப் போகக் கூடாது. முக்கியமாக, பிள்ளையின் சம்மதம் இல்லாமல் வீட்டில் போய்ச் சொல்லக் கூடாது. சில வீடுகளில் அதற்குப் பிறகு அடி, படிப்பு நிறுத்தம், அவசரக் கல்யாணம் எல்லாம் வரும். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் கதை வேறு. அப்போது தனியாகச் சமாளிக்காமல் உதவி தேட வேண்டும். அதையும் பிள்ளையிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும். இந்தியாவில் மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 எந்த நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

மூன்றாவது, பதில் கையில் இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிடலாம். எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லும் ஆயரைவிட, "எனக்கும் முழுக்கப் புரியவில்லை, ஆனால் நீ போக வேண்டாம், இரு" என்று சொல்லும் ஆயரைத்தான் பிள்ளைகள் நம்புவார்கள்.

நான்காவது, தெளிவு. இது கசப்பான விஷயம். வாசலில் புன்னகையோடு வரவேற்றுவிட்டு, ஆறு மாதம் கழித்துப் பாடகர் குழுவில் சேர வரும்போது "அது மட்டும் முடியாது" என்று சொல்வது, முதலிலேயே கதவைச் சாத்துவதைவிடக் கொடுமை. பாரம்பரியப் போதனையைப் பிடித்திருக்கும் சபைகளும் உண்டு. வேதத்தை மதித்தே அவர்கள் அந்த முடிவில் இருக்கிறார்கள் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. எதை அனுமதிப்போம், எதை அனுமதிக்க மாட்டோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கேலியையும் மிரட்டலையும் அனுமதிக்க மாட்டோம் என்று அதைவிடச் சத்தமாகச் சொல்ல வேண்டும். இது முடியாத காரியம் அல்ல. தன்னுடைய 4,000க்கும் மேற்பட்ட பள்ளிகளில் இந்தப் பிள்ளைகளைக் கேலி செய்வதைத் தடுக்க இங்கிலாந்து திருச்சபை 2014லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. அப்போது திருமணம் பற்றிய அதன் போதனை ஒரு எழுத்தும் மாறியிருக்கவில்லை. பிள்ளையைப் பாதுகாக்க, போதனை விவாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

தமிழ்நாட்டுச் சபைகளுக்கு என்ன சம்பந்தம்?

"அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ப் பிரச்சினை" என்று சிலர் சொல்லலாம். 1947ல் உருவான தென்னிந்தியத் திருச்சபையும் அங்கிலிக்கன் ஐக்கியத்தின் உறுப்புத் திருச்சபைதான். கேட்போம் என்று லாம்பெத்தில் கொடுத்த வாக்கு அதற்கும் சேர்த்துக் கொடுத்த வாக்கு. இந்தியாவில் சட்டமும் மாறிவிட்டது. 2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்தவர்களின் சம்மதத்தோடு நடக்கும் தன்பாலுறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கேட்பது எப்படி என்பதற்கு நல்ல உதாரணமும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அது ஒரு தேவாலயத்தில் நடக்கவில்லை, நீதிமன்றத்தில் நடந்தது! வீட்டாருக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். வழக்கை விசாரித்தவர் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ். இந்த விஷயத்தைத் தானே முழுமையாகப் புரிந்துகொண்டிருக்கவில்லை என்று அவர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அந்தப் பெண்களிடமும் பெற்றோர்களிடமும் பேசினார். அதோடு நிற்காமல், தானே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அதன் பிறகுதான், 2021 ஜூன் 7 அன்று உத்தரவு எழுதினார். ஒருவரின் பாலீர்ப்பை மருத்துவத்தால் 'குணப்படுத்த' முயல்வதற்குத் தடை, போலீசுக்கும் பள்ளிகளுக்கும் விழிப்புணர்வுப் பயிற்சி என்று அதில் பல வழிகாட்டுதல்கள் இருந்தன. மாற்று சிகிச்சை தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022ல் சொன்னதும் இந்த வழக்கின் தொடர்ச்சிதான். தீர்ப்புச் சொல்வதையே வேலையாகக் கொண்ட ஒருவர், தீர்ப்புக்கு முன்னால் மாணவராக உட்கார்ந்தார். தீர்ப்புச் சொல்வது தன் வேலை இல்லை என்று போதிக்கும் சபைக்கு அது முடியாதா?

இதே வழக்கு இன்னொன்றையும் கொடுத்தது. மரியாதையான தமிழ்ச் சொற்கள் வேண்டும் என்ற பேச்சு எழுந்து, தமிழ்நாடு அரசு 2022ல் ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. சொல்தானே என்று தள்ளிவிட முடியாது. பல சபைகளில் இந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேச வசைச்சொற்களைத் தவிர வேறு சொல்லே இல்லாமல் இருந்தது. சொல்லே இல்லாத இடத்தில் எப்படிப் பேச்சு வரும்? தன்பாலீர்ப்பாளர், திருநர், திருநம்பி, பால்புதுமையர் என்ற சொற்கள் இன்று தமிழில் இருக்கின்றன. இவற்றில் ஒன்றை ஒரு ஆயர் பிரசங்கத்தின் நடுவில் இயல்பாக, கேலி இல்லாமல் சொன்னாலே போதும். அன்றைக்குக் கடைசி வரிசையில் யாரோ ஒருவர் நிமிர்ந்து உட்காருவார்.

பெரிய மாநாடு கூட்ட வேண்டாம், போதனையை ஒரே நாளில் தீர்த்துவிட வேண்டாம். வாலிபர் கூட்டத்தில் அடுத்த முறை அந்தக் கிண்டல் எழும்போது ஒரு பெரியவர் "இங்கே இது வேண்டாம் தம்பி" என்று சொல்லட்டும். மன்றக் கூட்டத்தில் ஒருவர் 'அனைவரும் என்றால் யார்?' என்று கேட்கட்டும். வருகிற பதிலை எழுதி வைக்கட்டும். பிள்ளைகள் ஏற்கனவே காதைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் காதில் விழும்படி ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி.